நெடுஞ்சாலை என்று பெயரிட்டுக் காத்த கடற்கரை

கடல் எவருக்கும் தனிச்சொத்து அன்று என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். ஆயின், அக்கடலை அடைவதற்கு நாம் கால் பதித்தாக வேண்டிய கரை யாருக்கு உரியது என்று வினவினால், விடை அத்துணை எளிதாகக் கிடைப்பதில்லை. கரையோரத்தில் வீடு கட்டியவர் தமக்குரியது என்பார். அரசு தனக்குரியது என்னும். வலை உலர்த்துபவரும் காற்று வாங்க வருபவரும் எல்லார்க்கும் உரியது என்பர். இம்மூவரின் குரல்களும் ஒன்றோடொன்று மோதிய இடங்களிலெல்லாம் வரலாறு பிறந்திருக்கிறது.

இவ்விதழின் வாசகர்களில் கடலோர ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர். அவர்களுக்குக் கரை என்பது வீட்டின் முற்றம் போன்றது. அதற்கு ஒரு பட்டா உண்டா, எல்லைக் கல் உண்டா என்று ஆராய்ந்து பார்க்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. அத்தேவை எழுந்த ஒரு நாட்டின் கதையை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கோடியில், பசிபிக் மாக்கடலைத் தழுவிக் கிடப்பது ஓரிகன் மாநிலம். அதன் தலைநகரின் பெயரும் சேலம்தான் என்பது நமக்கு வியப்பூட்டும் ஓர் ஒற்றுமை. வடக்கே கொலம்பியா ஆற்றின் முகத்துவாரம் தொடங்கித் தெற்கே கலிபோர்னியா எல்லை வரை, ஏறத்தாழ 360 மைல் நீளம் கொண்டது அம்மாநிலத்தின் கடற்கரை. அதன் அலைவாய் மணல் ஒரு காலத்தில் சட்டப்படி ஒரு நெடுஞ்சாலையாக இருந்தது. அப்பெயரே அதனைத் தனியார் வேலிகளிலிருந்து காத்தது என்பதுதான் இக்கட்டுரையில் நாம் காணவிருக்கும் செய்தி.

அமைதியான ஒரு கரை

ஓரிகனின் வடகோடியில் ஆஸ்டோரியா என்னும் பழைய துறைமுக நகர் இருக்கிறது. அதற்கு அண்மையில், கடலை ஒட்டி அமைந்தது ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்கா. அங்கிருந்து தெற்கே கியர்ஹார்ட் என்னும் சிற்றூர் வரை ஏறத்தாழ 10 மைல் தூரம் மணற்பரப்பு விரிந்து கிடக்கிறது. கிளாட்சப் கடற்கரை என்பது அதன் பெயர். ஒருபுறம் புல் மூடிய மணற்குன்றுகள். மறுபுறம் ஓயாது முழங்கும் குளிர்ந்த கடல். கடைத்தெருவும் கேளிக்கைக் கூடமும் அங்கு இல்லை. குன்றுகளின் இடையே அமைந்த வழிகளில் மக்கள் தங்கள் கார்களை ஓட்டி வந்து மணலில் இறங்குகின்றனர். விரும்பிய இடத்தில் நிறுத்தி, கதவைத் திறந்தால் கடல். முதியோரும் நடக்க இயலாதோரும்கூட அலையின் அருகே சென்று அமர முடிகிறது.

கார் ஓடும் அளவுக்கு மணல் எப்படி உறுதியாக இருக்கிறது என்று வினவலாம். நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. நீர் வடிந்து சென்றபின், மணற்பரல்களின் இடையே தங்கும் ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கிறது. ஆகவே ஈரமணல் கெட்டித் தரைபோல் வண்டியைத் தாங்குகிறது. அதற்கு மேலே வெயிலில் காய்ந்த மணலோ, பரல்கள் பிரிந்து, சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எனவே அங்கு வண்டி ஓட்டுவோர் கடல் இறங்கும் நேரத்தை அறிந்தே வர வேண்டும். நேரம் தப்பினால், ஏறிவரும் அலை காரை இழுத்துக்கொள்ளும். ஈரமணல், உலர்மணல் என்னும் இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். பின்னால் ஒரு பெரும் வழக்கே இதன்மேல் எழவிருக்கிறது.

இக்கரையில் துருப்பிடித்த இரும்பு விலா எலும்புகள் போல ஒரு கப்பலின் எஞ்சிய பகுதி நிற்கிறது. பீட்டர் ஐரடேல் என்னும் நான்கு பாய்மரங்கள் கொண்ட பிரிட்டிஷ் கப்பல் அது. மெக்சிகோவிலிருந்து போர்ட்லண்ட் நோக்கி வருகையில், 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் அது இங்குத் தரைதட்டியது. உயிர்ச்சேதம் ஏதும் நேரவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அவ்விரும்புக் கூடு மணலில் நின்று, கொலம்பியா முகத்துவாரத்தின் கொடுமையைப் பார்ப்போர்க்கு உரைத்துக்கொண்டிருக்கிறது.

மணலே சாலையான காலம்

கார் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இக்கரை மனிதர்களின் வழியாக இருந்தது. வடபகுதியில் கிளாட்சப் மக்களும், அவர்களுக்குத் தெற்கே டில்லமூக் மக்களும் வாழ்ந்துவந்தனர். மீன் பிடிக்கவும், மட்டி தோண்டவும், பண்டமாற்றுச் செய்யவும் அவர்கள் சென்ற வழிகள் கரையோரமாகவே அமைந்தன. காரணம் வெளிப்படை. கரையை ஒட்டிய நிலம் அடர்ந்த காடும் செங்குத்தான மலையுமாகும். மழை மிகுந்த அக்காட்டை வெட்டிப் பாதை அமைப்பதைவிட, கடல் நாள்தோறும் சமன்செய்து தரும் மணலில் நடப்பது எளிது.

லூயிஸ், கிளார்க் இருவரும் தலைமை தாங்கிய ஆய்வுக் குழுவினர் 1805-ஆம் ஆண்டின் இறுதியில் இப்பகுதியை அடைந்து, 1806 மார்ச் வரை இங்குக் குளிர்காலத்தைக் கழித்தனர். இன்று சீசைடு எனப்படும் ஊர் இருக்கும் இடத்தில், கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்தனர். கரை ஒதுங்கிய திமிங்கலம் ஒன்றைப் பற்றிக் கேள்வியுற்றுக் கிளார்க் 1806 சனவரியில் தெற்கே சென்றபோது, அவர் சென்றதும் அம்மக்கள் பயன்படுத்திவந்த கரைவழியும் மலைவழியுமே.

பின்னர் வெள்ளைக் குடியேறிகள் வந்தனர். அவர்களுக்கும் வேறு சாலை இல்லை. அஞ்சல் மூட்டைகளும் பயணிகளும் குதிரை வண்டிகளில் மணல்மீதே சென்றனர். மாநிலத்தின் தென்பகுதியில், கூஸ் விரிகுடாவுக்கும் ஆம்ப்குவா ஆற்று முகத்துவாரத்துக்கும் இடையே, பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகள் கடல் இறங்கும் நேரம் பார்த்து ஓடின. அங்கு வண்டியின் நேரப்பட்டியலை எழுதியது கடல்தான்!

கேனன் பீச் என்னும் ஊருக்குத் தெற்கே ஹக் பாயின்ட் என்றோர் இடம் உண்டு. ‘கட்டித் தழுவும் முனை’ என்பது அப்பெயரின் பொருள். அங்கு மலைமுகடு ஒன்று கடலுக்குள் நீண்டு மணல்வழியை மறித்து நின்றது. அலை இறங்கிய வேளையில் பாறையைத் தழுவிக்கொண்டே வண்டிகள் அதனைக் கடக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பாறையை உடைத்து ஒரு குறுகிய வண்டிப்பாதை அமைத்தனர். அப்பாறையில் சக்கரங்கள் பதித்த தடங்களை, கடல் இறங்கிய வேளையில் இன்றும் காணலாம். கடற்கரை ஒரு சாலையாக இருந்தது என்பதற்கு ஏட்டுச் சான்றைவிட வலிய கற்சான்று அது.

இவ்வழக்கத்தை ஏற்று, 1899-ஆம் ஆண்டு ஓரிகன் சட்டமன்றம், கொலம்பியா முகத்துவாரத்திலிருந்து தெற்கே கிளாட்சப் வட்டாரத்தின் எல்லை வரை ஏறத்தாழ 30 மைல் கரையைப் பொது நெடுஞ்சாலை என்று அறிவித்தது. உள்ளதை உள்ளவாறு எழுதியதன்றி, அன்று அதற்கு வேறு நோக்கம் இருந்ததாகத் தோன்றவில்லை.

விற்பனைக்கு வந்த கரை

மற்றொரு புறத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஓரிகன் 1859-இல் தனி மாநிலமானபோது, அலை ஏறி இறங்கும் நிலப்பகுதி மாநிலத்தின் உடைமையாயிற்று. 1870-களிலிருந்து அரசு அந்நிலத்தைத் தனியார்க்கு விற்கத் தொடங்கியது. கருவூலத்துக்குப் பணம் வேண்டும்; கரையோர நிலம் வைத்திருப்போர்க்கு இடம் வேண்டும். இருவரும் உடன்பட்டனர். இவ்வாறு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 23 மைல் அலைவாய் நிலம் தனியார் கைக்குச் சென்றுவிட்டது.

360 மைலில் 23 மைல் போனால் என்ன என்று அன்று பலர் எண்ணியிருத்தல் கூடும். பொதுச்சொத்து ஒரே நாளில் மறைவதில்லை. துண்டு துண்டாக, சட்டப்படி, முத்திரைத்தாளில் எழுதப்பட்டே மறைகிறது. எவரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. கவனிக்கும் நாளில் மீட்பதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை.

கவனித்தவர் ஒருவர் இருந்தார். ஆஸ்வால்ட் வெஸ்ட் என்பது அவர் பெயர். ஆளுநராவதற்கு முன்பு அவர் மாநில நில அலுவலராகப் பணிபுரிந்தவர். பள்ளிகளின் நலனுக்காக ஒதுக்கப்பட்ட நிலங்களை மோசடியாகக் கைப்பற்றியவர்களிடமிருந்து மீட்பதில் அக்காலத்திலேயே முனைந்து நின்றார். பொதுநிலம் எந்தெந்த வாயில்களின் வழியே வெளியேறுகிறது என்பதை நன்கு அறிந்தவர் என்றே அவரைக் கூற வேண்டும். 1911-இல் ஆளுநர் பொறுப்பேற்றார். கேனன் பீச் பகுதியிலிருந்து நெகேலம் நோக்கிக் கரைவழியாகவும் மலைவழியாகவும் குதிரைமீது சென்ற ஒரு பயணமே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது என்று கூறுவர்.

ஒரு சிறு மசோதா

கரையை விற்பதைத் தடை செய்கிறோம் என்று மசோதா கொணர்ந்தால், நில வணிகர்கள் எதிர்ப்பர் என்பதை வெஸ்ட் அறிவார். ஆகவே அவர் அப்படிச் செய்யவில்லை. ‘கொலம்பியா ஆறு முதல் கலிபோர்னியா எல்லை வரை, வழக்கமான உயர் அலைக்கும் மிகத் தாழ்ந்த அலைக்கும் இடைப்பட்ட கரை முழுவதும் பொது நெடுஞ்சாலை ஆகும், முன்பே விற்கப்பட்ட பகுதிகள் மட்டும் விலக்கு’ என்னும் கருத்துடைய மிகச் சிறிய மசோதா ஒன்றை முன்வைத்தார். ஒரு காசும் செலவின்றி மாநிலத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் சாலை கிடைக்கிறது என்று எடுத்துரைத்தார். சட்டமன்றம் 1913-இல் அதனை ஏற்றது. தூண்டிலை மீன் விழுங்குவதுபோல் அவர்கள் அதை ஏற்றுக்கொண்டனர் என்று அவரே பின்னாளில் நகைச்சுவையாகக் குறிப்பிட்டார்.

இதன் நுட்பத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சாலையை எவரும் விற்க முடியாது. சாலையின் குறுக்கே எவரும் வேலி போட முடியாது. சாலையில் நடப்பவரை ‘நீ யார்?’ என்று எவரும் கேட்க முடியாது. ‘சாலை’ என்னும் ஒரே சொல் இவ்வளவு பாதுகாப்பையும் தன்னுள் கொண்டிருந்தது. அழகு, ஓய்வு, இயற்கை என்று பேசியிருந்தால் அன்றைய சட்டமன்றம் செவிசாய்த்திருக்குமா என்பது ஐயமே. வண்டி ஓடும் வழி என்றவுடன் அனைவர்க்கும் பொருள் விளங்கிற்று.

நாளடைவில் மலைகளைக் குடைந்து மெய்யான நெடுஞ்சாலை வந்தது. கோண்டே மெக்கல்லோ என்னும் பொறியாளர் வடிவமைத்த பெரும் பாலங்கள் 1936-இல் நிறைவெய்தியதும், கரையோரச் சாலை முகத்துவாரங்களைத் தாண்டித் தொடர்ச்சி பெற்றது. மணல்வழியே பயணம் செய்யும் தேவை நீங்கிற்று. பின்னர் சட்டத்தில் இருந்த ‘நெடுஞ்சாலை’ என்னும் சொல்லும் மாறி, கரை ‘பொழுதுபோக்குப் பகுதி’ என்று பெயர் பெற்றது. ஆனால் மக்கள் கரைக்கு வந்துகொண்டே இருந்தனர். அது தங்களுக்குரியது என்பதில் அவர்களுக்கு ஐயம் எழவில்லை.

ஈரமணலும் உலர்மணலும்

ஐயம் 1966-இல் எழுந்தது. கேனன் பீச்சில் விடுதி நடத்திய ஒருவர், தம் விடுதிக்கு முன்னிருந்த உலர்மணல் பகுதியை மரக்கட்டைகளால் மறித்து, அது தம் விருந்தினர்க்கு மட்டும் உரியது என்றார். அங்கு வந்து அமர்ந்த பிறரை எழுந்து போகச் சொன்னார். முறையீடு அரசிடம் சென்றது. ஆராய்ந்து பார்த்த அதிகாரிகள் திகைத்தனர். 1913-ஆம் ஆண்டின் சட்டம் வழக்கமான உயர் அலை எட்டும் கோடு வரையே பேசியது. அதாவது, ஈரமணல் மக்களுடையது. உலர்மணலோ பத்திரப்படி நில உரிமையாளருடையது. குழந்தைகள் விளையாடுவதும், குடும்பங்கள் விரிப்பு விரித்து உண்பதும், கடல் ஏறும் நேரத்தில் ஒதுங்கி நிற்பதும் உலர்மணலில் அன்றோ? அதை இழந்தால், அலை ஏறும் வேளையில் மக்கள் கடலுக்குள் நிற்க வேண்டியதுதான்!

உலர்மணலிலும் மக்களின் உரிமையைக் காக்கும் மசோதா 1967-இல் சட்டமன்றத்துக்கு வந்தது. தனியார் சொத்தை ஈடின்றிப் பறிப்பதாகும் இது என்று எதிர்ப்பு எழுந்தது. அவ்வாதம் பொருளற்றதன்று. பணம் கொடுத்து நிலம் வாங்கியவர்க்கும் நீதி உண்டு. மசோதா குழுவிலேயே முடங்கிக் கிடந்தது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அதை வெளிக்கொணர்ந்ததும், மக்களின் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன.

அப்போது ஆளுநராக இருந்தவர் டாம் மெக்கால். முன்னாள் பத்திரிகையாளர் அவர். மே 13-ஆம் நாள், அறிஞர்களையும் நில அளவையாளர்களையும் அழைத்துக்கொண்டு ஹெலிகாப்டரில் கரைக்குப் பறந்தார். கடல்மட்டத்திலிருந்து 16 அடி உயரத்தில் எல்லை வைத்தால் கோடு எங்கே அமையும் என்பதை மணலில் முளை அறைந்து மக்களுக்குக் காட்டினார். காகிதத்தில் விளங்காத சட்டம் மணலில் விளங்கிற்று. மசோதா நிறைவேறியது. 1967 சூலை 6-ஆம் நாள் அவர் அதில் கையெழுத்திட்டார். செடிகொடிகள் தொடங்கும் வரம்பு வரை மக்களின் பயன்பாட்டு உரிமை காக்கப்பட்டது. நிலத்தின் பத்திரம் உரியவரிடமே இருக்கலாம். ஆனால், இசைவின்றி அங்குக் கட்டடமோ வேலியோ எழுப்ப இயலாது.

வெஸ்ட் ஜனநாயகக் கட்சியினர். மெக்கால் குடியரசுக் கட்சியினர். இருவர்க்கும் இடையே அரை நூற்றாண்டும், கட்சி வேற்றுமையும் இருந்தன. கரையைக் காப்பதில் மட்டும் வேற்றுமை இருக்கவில்லை.

வழக்காறு என்னும் சான்று

வழக்கு ஓரிகனின் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1969-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பத்திரங்களை மட்டும் நோக்கவில்லை. மக்களின் காலடிகளையும் நோக்கினர். ஆங்கிலச் சட்ட மரபில் ‘வழக்காறு’ என்றொரு கோட்பாடு உண்டு. ஒரு வழக்கம் பழமையானதாக, இடையறாததாக, பூசலற்றதாக, நியாயமானதாக, எல்லை தெளிந்ததாக, எல்லாரையும் கட்டுப்படுத்துவதாக, பிற சட்டங்களோடு முரணாததாக இருப்பின், அதுவே சட்டத்தின் தகுதியைப் பெறும். ஓரிகனின் உலர்மணலை மக்கள் பயன்படுத்தி வந்தது இத்தகைய வழக்கமே என்று நீதிமன்றம் கண்டது. குடியேறிகள் வருவதற்கு முன்பே பழங்குடிகள் அம்மணலைப் பயன்படுத்தியதையும், பின்வந்தோர் அதைத் தொடர்ந்ததையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

இங்கு ஒரு முரணை நாம் கூறாமல் செல்லலாகாது. யாருடைய நெடுங்கால வழக்கம் கரையின் பொதுவுரிமைக்குச் சான்றாயிற்றோ, அம்மக்களின் நிலவுரிமை என்னவாயிற்று? 1851-ஆம் ஆண்டு, கொலம்பியா முகத்துவாரத்தை அடுத்த டான்சி முனையில், கிளாட்சப் மக்களும் அண்டைக் குலத்தாரும் அமெரிக்க அரசின் பிரதிநிதியோடு உடன்படிக்கைகள் செய்துகொண்டனர். வாஷிங்டனில் இருந்த செனட் சபை அவற்றுக்கு ஒப்புதல் அளிக்கவே இல்லை. நிலம் போயிற்று, உடன்படிக்கை வெறும் தாளாய் நின்றது. அவர்களின் காலடிகளை நூறாண்டுகளுக்குப் பின் ஒரு நீதிமன்றம் சான்றாக ஏற்றது. ஆனால் அச்சான்றின் பயன் அவர்களின் வழித்தோன்றல்களுக்கெனத் தனியே எதையும் மீட்டுத் தரவில்லை. ‘பொது’ என்னும் சொல் எவ்வளவு விரிந்ததாயினும், அது எழுதப்படும் நாளில் யார் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் வரலாறு கேட்டே தீரும்.

வண்டியின் உரிமையும் மணலின் உரிமையும்

சாலையாக இருந்ததால் கரை பிழைத்தது. ஆனால் கார்கள் பெருகிய காலத்தில், அதே சாலை கரைக்குத் தீங்காகவும் கூடுமன்றோ? இவ்வினா எழுந்தபின், ஓரிகன் தன் கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்தது. இன்று பெரும்பாலான பகுதிகளில் வண்டிகள் இறங்க முடியாது. கிளாட்சப் போன்ற சில இடங்களில் மட்டுமே அவ்வுரிமை எஞ்சியிருக்கிறது. அங்கும் சாலைவிதிகள் பொருந்தும். ஓட்டுநர்க்கு உரிமம் வேண்டும்; மணிக்கு 25 மைலுக்கு மேல் செல்லலாகாது.

மணலுக்கும் அதில் வாழும் உயிர்களுக்கும் உரிய நாள்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. உப்புக்கொத்தி இனத்துச் சிறு பறவை ஒன்று, உலர்மணலில் ஒரு சிறு குழி செய்து முட்டையிடுகிறது. மணலின் நிறமே முட்டையின் நிறம். சக்கரத்தின் கண்ணுக்கு அது தெரியாது. 1993-இல் அழிவின் விளிம்பை நெருங்கும் இனம் என்று நடுவண் அரசு அதனை அறிவித்தது. அப்பறவை கூடு கட்டும் பகுதிகளில் மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை உலர்மணலில் வண்டிகளுக்கும் நாய்களுக்கும் இடமில்லை. கிளாட்சப் கரை மட்டிகளுக்குப் பெயர்பெற்றது. மண்வெட்டியோடு குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கு வருவர். அங்கும் ஆண்டுதோறும் சூலை 15 முதல் செப்டம்பர் இறுதி வரை மட்டி எடுப்பது நிறுத்தி வைக்கப்படுகிறது. இளமட்டிகள் மணலில் நிலைகொள்ள வேண்டிய காலம் அது.

இவற்றைச் சிலர் உரிமைக் குறைப்பு என்பர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எல்லார்க்கும் உரிய பொருளுக்கு இருவகைப் பகை உண்டு. தமக்கே வேண்டுமென்று வேலி போடுபவர் ஒரு பகை. நமக்கும் உரியதுதானே என்று அளவின்றி ஆள்பவர் மற்றொரு பகை. முதற்பகையை 1913-ஆம் ஆண்டின் சட்டமும் 1967-ஆம் ஆண்டின் சட்டமும் தடுத்தன. இரண்டாம் பகையைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதாது. வண்டியைச் செலுத்துபவரின் கை, தானே மெதுவாகச் செல்ல உடன்பட வேண்டும்.

கிளாட்சப் கரையின் அமைதி தானாக அமைந்ததன்று. நிலம் பறிபோவதைக் கண்ட ஓர் ஆளுநரின் நுண்ணறிவு, மணலில் முளை அறைந்து காட்டிய மற்றோர் ஆளுநரின் உறுதி, தாள் எடுத்து ஒரு கடிதம் எழுதிய ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அக்கறை, அவர்களுக்கெல்லாம் முன்பு நடந்து நடந்து அக்கரையை வழியாக்கிய பழங்குடி மக்களின் காலடிகள் ஆகியவை சேர்ந்தே அதனைத் தந்தன. பொதுவுடைமையைக் காக்கும் சட்டத்துக்கு முதற்சான்று மக்களின் பயன்பாடு. நடப்பவர் இல்லாத வழியை வேலி எளிதில் மூடிவிடும். குடும்பத்தோடு சென்று கடற்கரையில் அமரும் ஒவ்வொருவரும், தம்மை அறியாமலே அக்கரையின் பத்திரத்தில் ஒரு வரி எழுதிச் செல்கின்றனர். அவ்வரியைத் தூய்மையாக எழுதுவதே நம் கடன்.